மைனஸ் பக்கத்தில் வை

மயிலாப்பூர்
3 ஜூன் 1974

தங்கபுஷ்பத்துக்கு,

முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். கோபமாக இருக்கும்போது எனக்குத் 'தங்கம்' என்று வராது, உனக்கே தெரியும்.

நேற்று வைரவன் மாம்பழம் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். நம் சோதனைக்கூடத்தில் எடை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாதே. "இன்னா ஜானும்மா, நீ இங்க படுத்துக்கினு கீற, அங்க தங்கம்மா உன் சீட்டுல குந்திக்கினு ஸ்கோப்பை அப்டித் திருவுது, இப்டித் திருவுது, ஷோக்கா கீது" என்றார். ஷோக்காக இருக்கிறதாம்! அம்மா பழத்தை நறுக்கிக் கொண்டுவந்தாள். ஒரு துண்டைக்கூட நான் தொடவில்லை.

பிரசவம் வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வலியுல்லா சாருக்கு லீவுக் கடிதம் கொடுத்தேன். லீவுக் கடிதம்தான் கொடுத்தேன், என் இடத்தை உனக்குப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. சிக்னலைத் திரையில் கோடாக வரைகிற அந்த ஆசிலாஸ்கோப் ஈக்காட்டுத்தாங்கலில் நம் கூடத்துக்கு வந்து இறங்கிய அன்று அதன் மேல் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டியவள் நான். பாலிடெக்னிக்கில் நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலை என்று வந்த பிறகு உனக்கு சால்டரிங் மேஜை, எனக்கு ஸ்கோப். அப்படித்தானே இருந்தோம்?

இந்த வருஷம் ஸ்கோப்புக்கென்று ஒரே ஒரு ஆளை சார் நிரந்தரம் செய்யப் போகிறார். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடக்கிற நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்துவிட்டாய். வந்து ஒரு வார்த்தை சொன்னாயா? மேற்கு மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

ஸ்டூலின் மேல் இருக்கிற பூப்போட்ட மெத்தை நான் தைத்தது. அதன் மேல் உட்காராதே.

ஜானகி


மேற்கு மாம்பலம்
6 ஜூன் 1974

ஜானகி அம்மாளுக்கு,

மெத்தையை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டேன். வெறும் மரத்தில் உட்கார்ந்தாலும் எனக்கு வேலை ஓடும்.

நான் கேட்டுப் போய் உட்காரவில்லை. சார்தான் கூப்பிட்டு, "ஜானு வர்ற வரைக்கும் நீ பாரும்மா" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கென்ன கிறுக்கா? 'சூட்டுக்கோலைப் பிடித்தது போதும், பாத்திரக் கடைக் கல்லாவில் வந்து உட்கார்' என்று அப்பா எப்போது சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அந்த நிரந்தர வேலை வேண்டும், ஜானு. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உன்னை வந்து பார்க்காதது தப்பு. வந்தால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் தேதி அம்பத்தூர்க்காரர்களின் ரயில் பெட்டிக் கொக்கியை உடைக்கப் போகிறோம். இரண்டே கொக்கிதான் அனுப்பியிருக்கிறார்கள். எடை விழுந்து கொக்கி உடைகிற அந்தக் கண நேரத்தை ஸ்கோப் பிடிக்க வேண்டும். ஒரே தடவைதான் கோடு ஓடும், ரெடி விளக்கு அணைந்துவிடும், அப்புறம் உடைந்ததை ஒட்டவா முடியும்? இழுவையை அளக்கிற கேஜைக் கொக்கியில் ஒட்டிவிட்டேன். கோட்டைக் கிளப்பிவிடுகிற டிரிக்கர்தான் என்னை ஆட்டி வைக்கிறது. எவ்வளவு சிக்னலுக்குக் கிளம்ப வேண்டும் என்கிற லெவலைக் குறைத்தால், பக்கத்து ஷெட்டில் பிரெஸ் அடித்தாலே கோடு ஓடிவிடுகிறது. ஏற்றினால், கூரை இடிந்து விழுந்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. சிக்னல் ஏறும்போது பிடிக்கிற பிளஸ்ஸா, இறங்கும்போது பிடிக்கிற மைனஸா, அதுவும் எனக்குத் தெரிய வேண்டும்.

நீ வைத்துவிட்டுப் போன இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், வேலை முடிந்ததும் எல்லாக் குமிழ்களையும் ஜீரோவுக்குத் திருப்பிவிட்டுத்தானே வீட்டுக்குப் போவாய், கடையைப் பூட்டுகிற மாதிரி! எங்கே வைப்பாய் என்று எழுது.

தங்கபுஷ்பம்


மயிலாப்பூர்
9 ஜூன் 1974

தங்கபுஷ்பத்துக்கு,

ஆமாம், திருப்பி வைப்பேன். என் சமையலில் எவ்வளவு உப்பு என்று எல்லாரும் எட்டிப் பார்க்க வேண்டுமா?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மணி பத்து ஆனால், இப்போது ஸ்கோப்பைப் போட்டிருப்பாள், திரை பச்சையாக ஒளிர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. உன் கை அந்தக் குமிழில் இருப்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது. உள்ளே இருக்கிற குழந்தைக்கும் சுடும் போலிருக்கிறது, உதைக்கிறது. அம்மா வேறு, "எப்பப் பாத்தாலும் அந்த மிஷினையே நெனச்சுண்டு கெடக்காதேடீ, கொழந்தைய நெனச்சுக்கோ" என்கிறாள். குழந்தையை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடப் போவதில்லையே!

எழுதிக்கொள். மைனஸ் பக்கத்தில் வை. லெவல் குமிழின் புள்ளி ஜீரோவுக்கு இடது பக்கம், கடிகாரத்தில் பத்து மணி இருக்கிற இடத்தில். கேஜுக்குப் போகிற பேட்டரிக் கம்பிகளைத் தொடாதே.

ஏன் என்று கேட்காதே. அதைச் சொல்ல மாட்டேன்.

ஜானகி


மேற்கு மாம்பலம்
21 ஜூன் 1974

ஜானுவுக்கு,

நேற்று சோதனை நடந்தது. கொக்கி உடைந்தது. கோடு வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இரும்பை இழுத்தால் சிக்னல் மேலே ஏற வேண்டும். முதல் வருஷப் பாடம் அது, நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். மேலே ஏறுவதை எந்தப் பைத்தியம் மைனஸில் பிடிக்கும்? ஏன் என்று கேட்காதே என்று வேறு எழுதியிருக்கிறாய். என்னைக் கவிழ்க்கத்தான் எழுதியிருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். பிளஸ்ஸில் வைத்தேன். சுத்தியலால் கொக்கியைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கோடு அழகாக வந்தது. 'ஜானகி, உன் வேலையை என்னிடமா காட்டுகிறாய்' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அம்பத்தூர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். ரெடி விளக்கு எரிந்தது. எடையைத் தூக்கிப் பிடித்திருந்த மின்காந்தத்தை வைரவன் அணைத்தார். எடை விழுந்த சத்தத்தில் கண்ணாடி ஜன்னல் எல்லாம் ஆடியது. திரையைப் பார்த்தால் இடது ஓரத்தில் முள் மாதிரி ஒன்று, அப்புறம் கடைசி வரை வெறும் நேர்கோடு. "இன்னா தங்கம்மா, எட வந்து வுழறதுக்கு முன்னாடியே லைட்டு அணைஞ்சிபோச்சே" என்றார் வைரவன், அத்தனை பேர் காதிலும் விழும்படி.

சார் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஜானு இருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னொரு கொக்கி இருக்கிறது. ஜூலை மூன்றாம் தேதி. அதுவும் போனால் அம்பத்தூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், நான் பாத்திரக் கடைக்குப் போக வேண்டியதுதான். இப்போது சொல். அந்த மைனஸ் பொய்யா, நிஜமா?

கெஞ்சவில்லை. கேட்கிறேன்.

தங்கம்


மயிலாப்பூர்
24 ஜூன் 1974

தங்கபுஷ்பத்துக்கு,

முதல் தடவை படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம்! டாக்டர் வேண்டாம் என்றிருக்கிற காபியை அம்மாவிடம் சண்டை போட்டு வாங்கிக் குடித்தேன். 'ஜானு இருந்தா' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாவது டம்ளர் கேட்கும்போதுதான் உடைந்த கொக்கிக்குப் பக்கத்தில் நீ நிற்பது கண்ணில் வந்தது. பரீட்சையில் தோற்றால் நீ அழ மாட்டாய், மூக்கு மட்டும் சிவக்கும். அந்த மூக்கு ஞாபகம் வந்தது. காபி கசந்துவிட்டது.

அதற்கு அப்புறம் உன் மேல் கோபம். என்னைப் பற்றி இவ்வளவுதானா நினைத்தாய்? உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் பொய் சொல்லுவேன், அது வேறு. ஸ்கோப்பைப் பற்றிப் பொய் எழுதுவேனா, கடன்காரி!

கேள். காந்தத்தை அணைக்கும்போது அது சும்மா அணையாது, ஒரு உதை விட்டுத்தான் அணையும். அந்த உதை நம் கம்பியிலும் ஏறி, திரையில் மேல்நோக்கி முள்ளாக வரும். நீ பார்த்தாயே, அதேதான். பிளஸ்ஸில் காத்திருக்கிற ஸ்கோப், கொக்கிதான் உடைந்தது என்று நம்பிக் கோட்டை ஓட்டிவிடும். எடை கீழே வருவதற்குள் கோடு முடிந்து விளக்கும் அணைந்துவிடும். சுத்தியலால் தட்டும்போது காந்தம் ஏது? தட்டினால் இரும்பு மேலும் கீழுமாக அதிரும், பிளஸ்ஸிலும் மாட்டிக்கொள்ளும். அதுதான் உன்னை ஏமாற்றியது. போன வருஷம் நானும் இப்படித்தான் இரும்பை வீணாக்கினேன். நீ அப்போது உன் மேஜையில் இருந்தாய், உனக்குத் தெரியாது.

தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் பேட்டரிக் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டேன். அன்றிலிருந்து கொக்கியை இழுத்தால் சிக்னல் கீழே போகும். காந்தத்தின் முள் மட்டும் பழையபடி மேலேதான் வரும். மைனஸில், ஜீரோவுக்குக் கீழே லெவலை வைத்துவிட்டால், ஸ்கோப் அந்த முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இவ்வளவுதான் என் வித்தை.

இதை அன்றைக்கே எழுதியிருந்தால் உன் கொக்கி வீணாகியிருக்காது. எழுதவில்லை. குமிழைத் திருப்ப யாருக்கும் கை இருக்கிறது, தங்கம். ஏன் திருப்ப வேண்டும் என்பது மட்டும்தான் என்னிடம் இருந்தது. அதையும் உன்னிடம் கொடுத்துவிட்டால் நான் எதைச் சொல்லி அந்தக் கூடத்துக்குத் திரும்பி வருவது?

இப்போது கொடுத்துவிட்டேன். போய்ப் பிடி.

ஜானு


மேற்கு மாம்பலம்
5 ஜூலை 1974

ஜானு,

வந்துவிட்டது. மைனஸில், பத்து மணியில். காந்தம் அணைந்தது, ரெடி விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எடை விழுந்தது. பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு கோடு, அடியில் ஒரு வெட்டு, கொக்கி போன இடம். அம்பத்தூர்க்காரர் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றதையும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் சார் அறைக்குக் கூப்பிட்டார். "மைனஸ்ல வெச்சது நல்ல யோசனைம்மா. நீயே கண்டுபிடிச்சியா?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவராகவே தலையாட்டிக்கொண்டார். நேற்று நிரந்தர உத்தரவு வந்துவிட்டது, என் பெயரில்.

பொறாமை என்றால் என்ன என்று நீ மட்டும்தான் அறிந்த மாதிரி எழுதுகிறாய். என் இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார். ஜானு இப்படிப் பிடிப்பாள், ஜானு அப்படித் திருப்புவாள், ஜானு இருந்தால் டீ ஆறுவதற்குள் முடித்திருப்பாள். நீ இல்லாத இடத்தில் நீ மட்டும்தான் இருந்தாய், நான் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒரு தடவை 'நீயா' என்று என்னைக் கேட்டபோது, அதனால்தான் வாய் திறக்கவில்லை.

நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கம்


மயிலாப்பூர்
8 ஜூலை 1974

தபால்காரர், அம்மா, எதிர் வீட்டு மாமி எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் கார்டில் எழுதுகிறேன். அந்த மைனஸ் என்னுடையது. மெத்தையை அனுப்பிவிடு.

ஜானகி


மேற்கு மாம்பலம்
12 ஜூலை 1974

ஜானு,

மெத்தையை அனுப்ப மாட்டேன். முதலில் இதைப் படி.

உன் கார்டை எங்கள் வீட்டில் அப்பா படித்தார். படித்துவிட்டு, "இது யாருட்ட எடுத்த சாமானம்மா? குடுத்துரு" என்றார். கடைக்காரர் அல்லவா, அவருக்கு மைனஸ் என்றால் ஏதோ பாத்திரம்.

மறுநாள் டீ நேரத்தில், சார், வைரவன், லேத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்றேன். "மைனஸ் ஜானுவோடது சார். கம்பியை மாத்திப் போட்டதும் ஜானு. எனக்கு லெட்டர்ல எழுதிக் குடுத்தா. முதல் கொக்கி வீணாப்போனது நான் அவளை நம்பாததால" என்று சொன்னேன். மூக்கு சிவந்திருக்கும், நீ சொல்ல வேண்டாம். வைரவன், "அதான பாத்தேன்" என்றார். அந்த ஆளை ஒரு நாள் காந்தத்தில் தொங்கவிடப் போகிறேன்.

உத்தரவை மாற்ற முடியாது என்றார் சார். சோதனையை முடித்துக்கொடுத்தது நான்தான், அம்பத்தூர்க்காரர்களுக்கு என் பெயரில்தான் அறிக்கை போயிருக்கிறது. நான் கேட்டேன், ஜானு வந்தால் ஸ்கோப்பில் அவளும் இருக்கட்டும், வேலை கூடிவிட்டது, ஒரு ஆளால் ஆகாது என்று. "ஒரு மெஷினுக்கு ரெண்டு பொம்பளைங்களா? நாள் பூரா சண்டை போட்டுக்குவீங்க" என்றார். கடைசியில், "அவ சம்மதிச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பொறுப்பு உன்னுது" என்றார்.

அதாவது, நீ வந்தால் எனக்கு அடுத்தபடியாக. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இதைவிட நல்லதாக என்னால் வாங்க முடியவில்லை.

இன்னொன்று. நான் குமிழ்களை ஜீரோவுக்குத் திருப்புவதில்லை. லெவல் குமிழில் பத்து மணிக்கு நேராக நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: 'மைனஸ் பக்கத்தில் வை. காந்தம் அணையும்போது முள் மேலே வரும், அதனால். ஜானு.' காரணத்தோடு, உன் பெயரோடு. கிழித்தெறிய வேண்டுமென்றால் நீயே வந்து கிழி.

தங்கம்


மயிலாப்பூர்
11 ஆகஸ்ட் 1974

தங்கம்,

பெண் குழந்தை. இன்றோடு பதினாறு நாள். நிறம் என்னைப் போல, பிடிவாதமும் என்னைப் போல என்று அம்மா சொல்கிறாள். தெருவில் கீரைக்காரி கூவினால் அழுகிறாள், அடுப்படியில் கரண்டி விழுந்தால் அழுகிறாள், ஒன்றுமே விழாவிட்டாலும் அழுகிறாள். இவளுக்கு ஆண்டவன் லெவல் குமிழை எங்கே வைத்தான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். அடுத்தபடியாக என்ற அந்த வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. வைக்கோல் தட்டியவள் நான், கம்பி மாற்றியவள் நான், உனக்கு அடுத்தபடியாக! இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இவர் பயந்துபோய் டாக்டரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும், எனக்கு வந்திருக்கிற காய்ச்சலுக்குப் பெயர் தங்கபுஷ்பம் என்று!

அந்தச் சிவப்புப் புள்ளியை நினைத்தால் கை பரபரக்கிறது, சுரண்டி எடுக்க வேண்டும் என்று. காகிதத்தை நினைத்தால் அப்படி வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "ஒன் பேரை எழுதி ஒட்டிருக்காளா? அப்பறம் எதுக்குடீ மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டு இருக்கே?" என்றாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் நிஜமாகச் சொல்கிறேன். காந்தம் அணைந்து எடை விழுகிற வரை, ரெடி விளக்கு எரிந்துகொண்டிருக்குமே, அந்த அரை நொடியில் மூச்சு நின்றது என்று எழுதியிருந்தாயே. எனக்கும் ஒவ்வொரு தடவையும் நிற்கும். இத்தனை நாள் அது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவரிடம் சொன்னால் சிரிப்பார், அம்மாவிடம் சொன்னால் திருஷ்டி சுற்றுவாள். அதைப் பேசுவதற்கு இந்த ஊரில் உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதற்காகத்தான் வருகிறேன். உன் பொறுப்புக்காக இல்லை.

சாரிடம் சொல்லிவிடு, சம்மதம் என்று. சண்டை போடுவோம் என்றும் சொல்லிவிடு. தினமும் போடுவோம், அவருக்கென்ன?

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இருக்கிறது. லெவலைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். உன் பெயரைக் கேட்டதுமே கிளம்பாது.

ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைப் பார். அந்தக் கோட்டைப் படம் எடுத்திருப்பாயே, அதையும் எடுத்து வா, என் கண்ணால் பார்க்க வேண்டும். மெத்தையைக் கொண்டுவர வேண்டாம். பீரோ மேலிருந்து இறக்கித் தூசி தட்டி, அதன் மேல் உட்கார். நவம்பரில் நான் வந்ததும் எழுந்துவிடு.

ஜானு